அம்மா குரல் போட்ட மைனா

ஏரிக்கரை நாவல் மரத்தில் கீச்சி என்றொரு இளம் மைனா இருந்தது. யார் குரலைக் கேட்டாலும் அப்படியே திருப்பிச் சொல்லும். தவளை மாதிரி கத்தும். ஆந்தை மாதிரி அலறும். மயில் அகவுவதுபோல் அகவி, மயிலையே திரும்பிப் பார்க்க வைக்கும். அதன் வாய் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை.

அந்தக் கோடையில் காட்டில் தீப்பிடித்தது. பல குட்டிகள் தாயையும் தகப்பனையும் இழந்தன. அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. தாயில்லாத குட்டியைப் பால் இருக்கிற வீடோ, இடம் இருக்கிற வீடோ எடுத்து வளர்க்கும். கொம்பு உண்டா, முள் உண்டா என்று யாரும் பார்ப்பதில்லை. முள்ளம்பன்றிக் குட்டி முயல் வளைக்குப் போனது. பாவம், அன்றிலிருந்து முயல் வீட்டில் யாரும் நிம்மதியாகப் புரண்டு படுக்கவில்லை. புள்ளிமான் குட்டி பொட்டு, எருமை கோமளத்திடம் வந்து சேர்ந்தது. பேர்தான் கோமளம். ஒரு கனைப்புக் கனைத்தால் மரத்திலிருந்து இலை உதிரும்.

இதையெல்லாம் பார்த்த கீச்சிக்கு மனசு கேட்கவில்லை.

"ஐயோ பாவம்! இந்தக் குட்டிகளை நான் சிரிக்க வைக்கப் போறேன்!" என்று கிளம்பியது. யாரும் அதைக் கூப்பிடவில்லை. யாரும் ஏவவில்லை. தானாகவே கிளம்பியது. அந்த மட்டில் அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

சாயங்காலமானால் ஒவ்வொரு வளர்ப்பு வீடாகப் போகும். தவளைக் குரல் போடும், ஆந்தைக் குரல் போடும். முள்ளம்பன்றிக் குட்டி விழுந்து விழுந்து சிரிக்கும். கௌதாரிக் குஞ்சுகள், "இன்னொண்ணு! இன்னொண்ணு!" என்று கத்தும்.

பொட்டு மட்டும் சிரிக்கவில்லை.

"எப்படி இருக்கு பொட்டு?" என்று கீச்சி கேட்கும்.

"நல்லா இருக்கு அக்கா," என்று சொல்லிவிட்டுப் பொட்டு தரையைப் பார்க்கும்.

கீச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது. 'காடே சிரிக்குது. இது ஒண்ணு மட்டும் உம்முன்னு இருந்தா எப்படி? விடுவேனா?' என்று யோசித்தது.

பொட்டுவின் அம்மா உயிரோடு இருந்தபோது நாவல் மரத்தடிக்குப் பழம் தின்ன வரும். குட்டியை அது கூப்பிடும் குரல் கீச்சிக்கு மனப்பாடம். கீச்சி இலைக்குள் மறைந்துகொண்டு அந்தக் குரலில் கூப்பிட்டது.

"பொட்டு! வாடா கண்ணு!"

பொட்டுவின் காது இரண்டும் நிமிர்ந்தன. "அம்மா! எங்கேம்மா இருக்கே?" என்று மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியது. பிறகு ஒரே ஓட்டமாகக் கோமளத்திடம் போய், "பெரியம்மா! எங்கம்மா சாகலை! என்னைக் கூப்பிட்டா!" என்று குதித்தது. தீப்பிடித்த நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் பொட்டு சிரித்தது.

"அப்படிப் போடு!" என்று கீச்சி தன்னைத் தானே மெச்சிக்கொண்டது.

அதிலிருந்து தினமும் இதே கூத்துத்தான். அம்மா குரல் கேட்கும். பொட்டு துள்ளும். ஆனால் வேறொன்றும் நடந்தது. பொட்டு பாலில் வாய் வைப்பதை விட்டுவிட்டது. "அம்மா வந்து கொடுப்பா," என்று ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். விலா எலும்பு வெளியே தெரிய ஆரம்பித்தது.

கோமளம் நாவல் மரத்தடிக்கு வந்து கனைத்தது.

"ஏ கீச்சி! இறங்கி வாடி! அந்தக் குரல் நீ போடறதுதானே?"

"ஆமா அத்தை! பொட்டு எப்படித் துள்ளுது பாத்தீங்களா?"

"துள்ளுது, துள்ளுது! பால் குடிக்க மாட்டேங்குதே! இப்படியே போனா குட்டி பிழைக்காது. அம்மா வர மாட்டான்னு நான் சொன்னா நம்ப மாட்டேங்குது. குரல் போட்ட நீயே போய் உண்மையைச் சொல்லிடு."

"சொன்னா அழும் அத்தை!"

"அழட்டுமே!"

"அழ வைக்கவா நான் வர்றேன்? குட்டி என் குரலுக்குத் துள்ளுது, உங்க குரலுக்குத் துள்ளலை. உங்களுக்குப் பொறாமை!"

ஒன்றை இரண்டு தடவை சொல்லும் பழக்கம் கோமளத்துக்குக் கிடையாது. திரும்பிப் போய்விட்டது.

ஏரியில் கிடந்த முதலை இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டது. மெதுவாகத் தலையைத் தூக்கியது.

"கீச்சிக் கண்ணு! உனக்கு எவ்வளவு நல்ல மனசு! எனக்கே கண்ணு கலங்கிடுச்சு!"

முதலை கண் கலங்குவதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கீச்சிக்குத்தான் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

"நிஜமாவா மாமா?" என்றது கீச்சி.

"பின்னே? ஆனா ஒண்ணு. மரத்து உச்சியிலேருந்து கூப்பிடறியே, குட்டிக்கு எங்கேருந்து குரல் வருதுன்னே தெரியலை. இதோ, தண்ணி மேலே ஒரு கிளை சாய்ஞ்சிருக்கு பாரு. அங்கே உக்காந்து கூப்பிடு. அம்மா ஏரிப் பக்கம்தான் இருக்கான்னு நல்லா நம்பும்!"

"அட, எனக்கு இது தோணலையே!"

முதலைக்கு மான்குட்டி மேல் ஏன் இத்தனை அக்கறை? முட்டையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த குஞ்சுகூட இதைக் கேட்டிருக்கும். பாராட்டில் மயங்கிய கீச்சி கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் கீச்சி அந்தக் கிளையில் போய் உட்கார்ந்தது.

"பொட்டு! வாடா கண்ணு!"

பொட்டு ஓடி வந்தது. கரையில் நின்றது. பிறகு தண்ணீரில் கால் வைத்தது. முழங்கால் வரை இறங்கிவிட்டது. அப்போதுதான் கீச்சி கீழே பார்த்தது. கிளைக்கு நேர் கீழே இரண்டு கண்கள் சத்தமில்லாமல் குட்டியை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன.

கீச்சிக்கு உயிரே போய்விட்டது.

"பொட்டு! தண்ணியிலே முதலை! ஓடு!" என்று தன் சொந்தக் குரலில் கத்தியது.

"சும்மா இரு அக்கா! எங்கம்மா கூப்பிடறா! முதலை வந்தா எங்கம்மா பாத்துக்குவா!" என்று பொட்டு இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தது.

"உங்கம்மா இல்லடா! அது நான்! நான்தான் அவ குரலைப் போட்டேன்!"

"பொய்!"

கீச்சி விருட்டென்று பறந்து பொட்டுவுக்குப் பின்னால் கரையில் இறங்கியது. பொட்டு பார்த்தால் எல்லாம் போச்சு, இனி அது தன் முகத்தில்கூட விழிக்காது என்று தெரியும். தெரிந்தே அலகைத் திறந்து, பொட்டுவின் அம்மா குரலில் கூப்பிட்டது.

"பொட்டு! வாடா கண்ணு!"

குரல் கரையிலிருந்து வந்ததும் பொட்டு சட்டென்று திரும்பி ஒரே தாவலாகத் தாவியது. அது நின்றிருந்த இடத்தில் முதலையின் வாய் 'டப்' என்று மூடியது. உள்ளே தண்ணீரும் பாசியும்தான் இருந்தன.

கரையில் அம்மா இல்லை. ஒரு மைனா நின்றுகொண்டிருந்தது.

"நீயா அக்கா?"

"நான்தான்."

"தினமும் நீதானா?"

"ஆமா பொட்டு."

"அப்போ எங்கம்மா?"

"உங்கம்மா தீயிலே போயிட்டா பொட்டு. இனிமே வர மாட்டா."

பொட்டு அழுதது. தீப்பிடித்த நாளிலிருந்து அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதது. அந்தச் சத்தம் கேட்டுக் கோமளம் தரை அதிர ஓடி வந்தது. முதலை தண்ணீருக்குள் மறைந்தது. கோமளம் குட்டியை ஒட்டி நின்று அதன் முதுகை நக்கிக் கொடுத்தது.

கீச்சிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தவளைக் குரல் போடலாமா என்று வாயைத் திறந்தது. மூடிக்கொண்டது.

"எனக்கு உன் மேலே கோபம்!" என்றது பொட்டு.

"நான் போயிடட்டுமா?"

பொட்டு மூக்கை உறிஞ்சியது. "போக வேணாம். பேசாம இங்கேயே இரு."

பேசாமல் இருப்பது ஒரு மைனாவுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது மைனாவுக்குத்தான் தெரியும். கீச்சி இருந்தது. ஒரு வார்த்தை பேசாமல், ஒரு குரல் போடாமல், பொட்டுவின் காலுக்குப் பக்கத்தில் சிறகை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பொட்டு அழுதது, விக்கியது, கொஞ்சம் ஓய்ந்து மறுபடியும் அழுதது. இருட்டுகிற நேரத்தில் அழுகை நின்றது. பிறகு தள்ளாடியபடி எழுந்து, கோமளத்தின் மடியை முட்டி முட்டி வயிறு நிறையப் பால் குடித்தது.

துக்கப்படுகிறவருக்கு ஆறுதல், பொய்ச் சிரிப்பு மூட்டுவதில் இல்லை; உண்மையைச் சொல்லி, அழுது முடிக்கும்வரை கூட இருப்பதில்தான் இருக்கிறது.