இடப்பக்கம் சாயும் முடிச்சு

“டீச்சர், என் கூடையைத் திருடிட்டாங்க.”

“எத்தனை கூடை?”

“கூடை இல்ல டீச்சர். கூடையோட படம்.”

டீச்சர் வயரை இழுத்து ஒரு முடிச்சை இறுக்கினாள். 

இது ஒரு குருவும் சிஷ்யையும் கதை. குரு என்றதும் தாடியையும் காவியையும் தேட வேண்டாம். மரகதவல்லிக்கு வயது முப்பத்தொன்று. வீரவநல்லூரில் ஒரு மாவு மில்லின் மாடியில் வயர் கூடை பின்னக் கற்றுக்கொடுக்கிறாள். கீழே மில் ஓடும்போது மாடியில் பேசுவது காதில் விழாது. அதனால் பேச்சைச் சுருக்கிக்கொண்டவள். அதை ஞானம் என்று எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. நான் அந்த வம்புக்குப் போகவில்லை.

சிஷ்யை செண்பகவடிவுக்கு ஐம்பத்து மூன்று வயது. டீச்சரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். டீச்சர் அவளை அக்கா என்பாள்.

செண்பகவடிவு இடக்கைக்காரி. சேர்ந்த புதிதில் டீச்சருக்கு எதிரே உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்ப்பதுபோலப் பார்த்துப் பார்த்துப் பழகினாள். மற்றவர்கள் போடும் முடிச்சு வலப்பக்கம் சாயும். இவள் முடிச்சு இடப்பக்கம் சாயும். கூடப் படித்தவர்கள் சிரித்தார்கள்.

“திருத்திச் சொல்லிக் குடுங்க டீச்சர்” என்றார்கள்.

டீச்சர் அந்தக் கூடைக்குள் அரிசியை அள்ளிப் போட்டுத் தூக்கிப் பார்த்தாள்.

“தாங்குதுல்லா” என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அது நான்கு வருஷத்துக்கு முந்திய கதை. இப்போது செண்பகவடிவு போனை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். 

வேறு யாருடைய பெயரிலோ ஒரு பேஜ். அதில் முழுக்க அவள் கூடைகள். பச்சையும் மஞ்சளும் கலந்து பின்னிய கூடை, அவள் வீட்டு மொட்டைமாடிச் சுவரில் வைத்து அவளே எடுத்து, விற்பதற்காகத் தன் பேஜில் போட்டிருந்த படம். ஓரத்தில் கொடியில் காய்ந்த துண்டுகூடத் தெரிந்தது. கீழே, ‘கல்யாண ஆர்டர் எடுக்கப்படும். முன்பணம் அனுப்பவும்’ என்று எழுதியிருந்தது.

டீச்சர் படத்தை விரலால் பெரிதாக்கினாள். முடிச்சு முடிச்சாகப் பார்த்தாள்.

“இது உங்க கூடை இல்லக்கா.”

“என்ன டீச்சர் சொல்லுதீங்க! அந்தத் துண்டுகூட என் துண்டு!”

கீழே மில் ஓட ஆரம்பித்தது. டீச்சர் தன் காதைத் தொட்டு, கேட்கவில்லை என்று கையை விரித்தாள்.

செண்பகவடிவு போனை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு படி இறங்கினாள். உலகமே நம்பாவிட்டாலும் டீச்சர் நம்புவாள் என்றுதான் அவ்வளவு தூரம் வெயிலில் நடந்து வந்திருந்தாள்.

வீட்டுக்குப் போய்ப் புதிதாக எடுத்த படங்களின் மூலையில் தன் பெயரைப் போட்டாள். திருடன் மூலையை வெட்டிவிட்டுப் போட்டுக்கொண்டான்.

நடுவில் பெரிதாகப் போட்டாள். திருடன் அந்தப் படங்களை விட்டுவிட்டான். ஆனால் வாங்குகிறவர்களும் விட்டுவிட்டார்கள்.

“கூடையே தெரியலையே, பேரையா விக்கீங்க?” என்று ஒருத்தி கேட்டாள்.

போனிலேயே அந்தப் பேஜ் மேல் புகார் கொடுத்தாள். ‘பரிசீலித்தோம், தவறு எதுவும் இல்லை’ என்று அரை நிமிஷத்தில் பதில் வந்தது. அரை நிமிஷத்தில் என்னத்தைப் பரிசீலித்தார்களோ.

காலையில் பல் தேய்க்கும் முன் அந்தப் பேஜைப் பார்த்தாள். உலை கொதிக்கும்போது பார்த்தாள். பஸ்ஸில் பார்த்தாள். பின்ன உட்கார்ந்தால் பத்து முடிச்சுக்கு ஒரு தடவை பார்த்தாள். கூடையில் அவளுக்கு முதல் முறையாக ஓட்டை விழுந்தது.

கடைசியில் ஒரு காரியம் செய்தாள். திருடனின் பேஜில் இருந்த இருபத்தாறு படங்களுக்கும் கீழே, ஒன்று விடாமல், உட்கார்ந்து எழுதினாள்.

‘இது என் கூடை. நான் பின்னியது. செண்பகவடிவு, மேலத்தெரு, வீரவநல்லூர்.’

போன் நம்பரையும் போட்டாள். நெஞ்சு கொஞ்சம் ஆறிற்று.

மூன்று நாள் கழித்து டீச்சரிடம் ஓடி வந்தாள்.

“டீச்சர், அவன் பயந்துட்டான். நான் எழுதின ஒண்ணைக்கூட அழிக்கல. எல்லாத்துக்கும் ஹார்ட் வேற போட்டிருக்கான்.”

“ஏன்?”

“ஏன்னா என்ன டீச்சர்?”

“ஏன் ஹார்ட் போட்டான்?”

செண்பகவடிவு யோசித்திருக்கலாம். அதற்குள் மில் ஓட ஆரம்பித்துவிட்டது. அவளும் சந்தோஷத்தில் இருந்தாள்.

மறுவாரம் போன்கள் வர ஆரம்பித்தன.

“அக்கா, கூடை அனுப்பிட்டீங்களா?”

“அக்கா, முன்பணம் போட்டு பத்து நாள் ஆச்சு.”

“ஏய், எடுக்க மாட்டியா நீ?”

போனை அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டாள். பானை மூடியிருந்தது. ஆனாலும் அந்தப் பக்கம் போகவே அவளுக்குப் பயமாக இருந்தது.

போனை அணைக்கலாம். மேலத்தெருவை அணைக்க முடியாது.

புதன்கிழமை மதியம் வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். கடையத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள். பெயர் உலகம்மாள். கோயில் வாசலில் பூக் கட்டி விற்கிறவள். பெண்ணுக்குப் பத்தொன்பதாம் தேதி கல்யாணம். வருகிற பெண்களுக்குத் தாம்பூலத்தைக் கூடையில் வைத்துக் கொடுக்க ஆசைப்பட்டு, அந்தப் பேஜில் ஆர்டர் கொடுத்து முன்பணமும் அனுப்பியிருந்தாள்.

“செண்பகவடிவு நீங்கதானா?”

“ஆமா.”

“கூடை எங்க?”

“எந்தக் கூடை?”

உலகம்மாள் போனைத் திருப்பிக் காட்டினாள்.

“இது நீங்க எழுதினதா?”

“ஆமா. ஆனா...”

“உங்க கூடைதான?”

“என் கூடைதான். ஆனா...”

“அப்ப எங்க?”

செண்பகவடிவு எல்லாவற்றையும் சொன்னாள். பேஜ் வேறு, ஆள் வேறு, படம் மட்டும் தன்னுடையது என்று சொன்னாள். சொல்லச் சொல்ல அது அவள் காதுக்கே புளுகுபோலக் கேட்டது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பக்கத்து வீட்டில் மிக்ஸி நின்றது.

உலகம்மாள் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

“அஞ்சு மணி வரைக்கும் இங்கனதான் இருப்பேன். அப்புறம் போலீஸ் ஸ்டேஷன்.”

செண்பகவடிவு உள்ளே போனாள். சமையற்கட்டைத் தாண்டினாள். பின்வாசல் வழியாக வெளியே வந்து, செருப்புகூடப் போடாமல் மாவு மில்லுக்கு ஓடினாள்.

அன்று கரண்ட் இல்லை. மில் ஓடவில்லை. அப்படி ஒரு அமைதியில் அந்த மாடியை அவள் பார்த்ததே இல்லை.

“டீச்சர், என் பேர் போச்சு.”

டீச்சர் கையிலிருந்ததைக் கீழே வைத்தாள்.

“அவன் ஏன் அழிக்கலைன்னு இப்பதான் புரியுது. நானே என் பேரை எழுதி, அவன் கடைக்கு போர்டு மாட்டிக் குடுத்திருக்கேன். அதைப் பாத்துதான் எல்லாரும் நம்பியிருக்காவ. இப்ப போலீஸ்ல சொல்லப்போறாவ. தெருவே பாத்துச்சு டீச்சர்.”

“அந்தம்மா எங்க?”

“வாசல்ல உக்காந்திருக்காவ.”

“சாப்பிட்டாவளா?”

“நான் பின்வாசல் வழியா ஓடி வந்துட்டேன் டீச்சர்.”

“தண்ணி?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. வந்ததில் தப்பில்லை, எனக்கும் வந்திருக்கும்.

“நான் திருடலையே டீச்சர். என்கிட்டதான திருடினான்? என்னைப் பத்தி நீங்க ஒரு வார்த்தை கேக்கலையே!”

“நீங்க திருடலக்கா.”

“பின்ன?”

“அன்னைக்கே சொன்னேன். அது உங்க கூடை இல்ல.”

“ஐயோ, துண்டு என் துண்டு டீச்சர்!” அவள் அழுதுவிட்டாள்.

டீச்சர் எழுந்தாள். ஆணியில் மாட்டியிருந்த வயர்க் கட்டுகளில் பச்சை ஒன்று, மஞ்சள் ஒன்று எடுத்தாள். செண்பகவடிவு வழக்கம்போல வலக்கையை நீட்டினாள். டீச்சர் அந்தக் கையை மெதுவாக ஒதுக்கிவிட்டு, இடக்கையைப் பிடித்து அதில் வைத்தாள்.

“நான் என்ன சொல்லட்டும் அவங்ககிட்ட?”

“தண்ணி குடுங்க.”

செண்பகவடிவு இந்த முறை முன்வாசல் வழியாக வீட்டுக்கு வந்தாள். உலகம்மாள் அதே படியில் இருந்தாள். செண்பகவடிவு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். உலகம்மாள் தொடவில்லை. தட்டில் சோறும் புளிக்குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். அதையும் தொடவில்லை. வெயில் மட்டும் படியில் ஏறிக்கொண்டிருந்தது.

வேறென்ன செய்வதென்று தெரியாமல், செண்பகவடிவு அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து பின்ன ஆரம்பித்தாள். முதல் முடிச்சு நழுவியது. நாலு முடிச்சு போட்டபின் கை பழைய வேகத்துக்கு வந்தது.

உலகம்மாள் முதலில் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தக் கையைப் பார்த்தாள். தண்ணீரை எடுத்துக் குடித்தாள். போனை எடுத்துப் படத்தைப் பார்த்தாள். மறுபடி கையைப் பார்த்தாள்.

“நீங்க பீச்சாங்கையா?”

“ஆமா.”

“எப்பவுமே இப்படித்தான் போடுவீங்களா முடிச்சு?”

“வேற மாதிரி வராது.”

“நான் முப்பது வருஷமாப் பூக் கட்டுதேன். முடிச்சைப் பாத்தாக் கையைச் சொல்லிருவேன். படத்துல முடிச்சு எல்லாம் இந்தப் பக்கமில்லா சாயுது?”

செண்பகவடிவு போனை வாங்கிப் பார்த்தாள்.

முடிச்சுகள் வலப்பக்கம் சாய்ந்திருந்தன.

துண்டும் வலப்பக்கம் இருந்தது. அவள் மாடியில் கொடி இடப்பக்கம். முப்பது நாளாக, ஒரு நாளைக்கு நூறு தடவை பார்த்த படம். யாரும் கண்டுபிடிக்காமல் இருக்கத் திருடன் அதை இடவலமாகத் திருப்பிப் போட்டிருந்தான்.

“அப்ப இது உங்க கூடை இல்லையா?”

செண்பகவடிவு வாயைத் திறந்தாள். ‘திருப்பிப் போட்டிருக்கான், என்னோடதுதான்’ என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இருபத்தாறு தடவை எழுதிய வார்த்தை. ‘இது உங்க கூடை இல்லக்கா’ என்ற டீச்சரின் முகம் அவளுக்கு நினைவுக்கு வந்தது.

“இல்லம்மா. என் கூடை இல்ல. இந்தக் கூடையை யாருமே பின்னல.”

உலகம்மாள் அவளையே பார்த்தாள். பொய் சொல்கிற முகம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மதியத்திலிருந்து விறைத்துப்போயிருந்த தோள் தளர்ந்தது. திட்டுவதற்கு ஆள் இருந்தவரைக்கும் அவள் அழவில்லை. இப்போது முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள்.

“அப்ப நான் யார்கிட்டப் போய்க் கேப்பேன்? ஊரெல்லாம் சொல்லிட்டேனே. எம்பொண்ணு கல்யாணத்துல எல்லாரும் கூடையோட போவாவன்னு சொல்லிட்டேனே.”

எதிர்வீட்டு ஜன்னல் மூடிக்கொண்டது. பேர் தப்பித்தது. செண்பகவடிவு எழுந்து உள்ளே போயிருக்கலாம். யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவள் எழுந்திருக்கவில்லை. வயரை அடுத்த முடிச்சுக்கு மடித்தாள்.

“எத்தனை கூடை?” என்றாள்.