அச்சு அசல் நவரத்தின நகர்

சென்னை தெற்கே வீங்கிக்கொண்டே போனது. அந்த வீக்கம் ஒரு நாள் நவரத்தின நகர் வாசலில் வந்து நின்றது.

நவரத்தின நகர் திட்டம் போட்டுக் கட்டிய ஊர். கீழே கடை, மேலே வீடு, நடுவே பூங்கா. மாடியில் இருப்பவருக்குத் தலைவலி வந்தால் படியிறங்கி மாத்திரை வாங்கிக்கொள்ளலாம். கீழேயே மாவு மில்லும் ஓடியதால் தலைவலிக்காகவும் வெளியே போக வேண்டியதில்லை. இவ்வளவு வசதி இருந்தால் ஆட்கள் வராமல் இருப்பார்களா? வந்தார்கள். வீடு போதவில்லை. பக்கத்துக் காலி இடத்தில் நகரை விரிவாக்குவது என்று முடிவாயிற்று. அந்தக் காலி இடத்தின் ஓரத்தில் ‘ஏரி’ என்று ஒரு பலகை நின்றது. பலகையைப் பிடுங்கினார்கள். ஏரி இல்லாமல் போயிற்று.

திட்ட அதிகாரி ஒருவர் வந்தார். காரில் உட்கார்ந்தபடியே நகரை ஒரு சுற்று பார்த்தார். நலச்சங்கத்தாரைக் கூப்பிட்டார்.

“புதுசும் அச்சு அசலா இதே மாதிரி இருக்கணும். ஒரு வித்தியாசம் தெரிஞ்சாலும் அனுமதி கிடையாது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கட்டடத்தின் உயரத்தையும் தெருவின் அகலத்தையும் மனதில் வைத்துத்தான் அவர் சொன்னார். ஆனால் அதை மனதிலேயே வைத்துக்கொண்டார்.

நலச்சங்கம் என்றால் மூன்று பேர். தலைவர் தணிகாசலம், ஏதோ ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறர் எழுதியதைத் தவிர வேறெதையும் எழுதாதவர். செயலாளர் கோதண்டபாணி, முதல் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். மூன்றாமவர் மரியசூசை மேஸ்திரி. கட்டுவது அவர் வேலை, யோசிப்பது மற்ற இருவர் வேலை.

விரிவாக்கச் செய்தி கேட்டு ஊரிலேயே அதிகம் மகிழ்ந்தவள் அஞ்சலாட்சி. பூங்காவுக்கு எதிரே கீழ்த்தளத்தில் இட்லிக் கடை வைத்திருந்தாள். புருஷன் இல்லை. மகளை நர்சிங் படிக்கவைப்பது அந்த இட்லித் தட்டுகள்தான். புது நகரிலும் ஒரு கடை கிடைத்தால், ஊரில் சும்மா இருக்கும் தங்கச்சியை அழைத்துவந்து உட்காரவைக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

வேலை மளமளவென்று நடந்தது. வீடுகள் எழுந்தன, கடைகள் எழுந்தன. சிக்கல் விளக்குக் கம்பத்தில் ஆரம்பித்தது.

“தலைவரே, நம்ம ரெண்டாம் தெருக் கம்பம் சாஞ்சிருக்கு. தண்ணி லாரி இடிச்சது. புதுசுல நேரா நட்டுடவா?” என்று கேட்டார் மரியசூசை.

“நேரா நட்டா வித்தியாசம் தெரியுமா, தெரியாதா?” என்றார் தணிகாசலம்.

“தெரியும்.”

“என் தொழில்ல பாருங்க,” என்றார் கோதண்டபாணி, “மூலத்துல ஒரு புள்ளி இருந்தா நகல்லயும் அந்தப் புள்ளி வரணும். வரலைன்னா மெஷின் ரிப்பேர்னு அர்த்தம்.”

“அப்ப சாய்ச்சே நட்டுடறேன்.”

“யோவ் சூசை!” என்றார் தணிகாசலம். “பழைய கம்பத்தைச் சாய்ச்சா நட்டோம்? நேரா நட்டோம். லாரி இடிச்சுது. சாஞ்சுது. அதே மாதிரி செய்யணும்யா.”

தண்ணீர் லாரியை வரவழைத்தார்கள். விஷயத்தைக் கேட்ட டிரைவர் வெலவெலத்துப் போனார்.

“சார், நான் ஒரு தப்பும் செய்யலையே!”

“செஞ்சேன்னு யாருப்பா சொன்னா? இனிமேதான் செய்யணும். போ, தைரியமா இடி.”

இடித்தார். கம்பம் தப்பான பக்கம் சாய்ந்தது. மறுபக்கத்திலிருந்து இன்னொரு முறை இடித்தார். இப்போது சரியாக வந்தது. மூவரும் கைதட்டினார்கள். டிரைவர் லாரியைத் திருப்பக்கூட நிற்காமல் ரிவர்ஸிலேயே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்தது சாலை. பழைய நகரில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளங்களை யாரும் மூடவில்லை. ஆகவே புது நகரில் வழவழவென்று தார் போட்டு, காய்ந்ததும் தோண்டினார்கள். பழைய பள்ளங்களை நூல் பிடித்து அளந்து, ஓரங்களின் உடைசல் வரைக்கும் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். தமிழ்நாட்டில் இவ்வளவு அக்கறையோடு எந்தப் பள்ளமும் தோண்டப்பட்டிருக்காது.

பூங்காவில் மழைத் தண்ணீர் முழங்கால் அளவு தேங்குவதை எப்படிக் கொண்டுவருவது என்று ஒரு நாள் முழுக்க விவாதித்தார்கள். விவாதம் முடிவதற்குள் ஒரு மழை பெய்தது. பழைய ஏரி தன் இடத்தைத் தேடி வந்து இடுப்பளவுக்கு நின்றது. முழங்காலுக்கு மேலே இருந்ததை மட்டும் இறைத்துவிட்டார்கள்.

பிறகு அஞ்சலாட்சியின் கடை. அதே அளவு அடுப்பு, அதே நீலச் சாயம், ஒரு கால் குட்டையான அதே பெஞ்சு. சுவரில் கரி படிவதற்குப் பழைய டயர்களைக் கொளுத்தினார்கள். அஞ்சலாட்சி போய்ப் பார்த்துவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டே சிரித்தாள்.

“என் கடையே எந்திரிச்சு வந்த மாதிரி இருக்குண்ணே! தங்கச்சிக்குச் சொல்லி அனுப்பிடறேன். நாளைக்கே வந்து அடுப்புப் பத்த வச்சிடுவா.”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“தங்கச்சி பார்க்க உங்களை மாதிரியே இருப்பாங்களா?” என்று கேட்டார் கோதண்டபாணி.

“அவ ஒல்லி. கொஞ்சம் உயரமும்கூட.”

“குரல்?”

“அவ அதிர்ந்து பேச மாட்டா.”

“போச்சு,” என்றார் தணிகாசலம். “அதிர்ந்து பேசாத ஆளை அந்தக் கடையில எப்படி உட்காரவைக்கிறது? ஒரு மைல் தூரத்துலயே வித்தியாசம் தெரியுமே!”

“அப்ப அக்காவே அங்கயும் இருக்கட்டும்,” என்றார் மரியசூசை.

“இங்க?”

“இங்கயும் இருக்கட்டும்.”

சங்கம் பெஞ்சில் உட்கார்ந்து இதை ஆராய்ந்தது. அக்கா இங்கே இருந்தால் அங்கே இல்லை. அங்கே போனால் இங்கே இல்லை. நடுவில் நிற்கவைத்தால் இரண்டிலும் இல்லை. கடைசியாகச் சொன்னதுதான் சரி என்று கோதண்டபாணி பிடித்துக்கொண்டார். “ரெண்டுலயும் இல்லைன்னா ரெண்டும் ஒண்ணுதானே? வித்தியாசம் எங்க இருக்கு?”

அதிகாரி பார்வையிட வரும் நாளிலிருந்து இரண்டு இட்லிக் கடைகளும் மூடப்படும் என்று தீர்மானம் போட்டார்கள். நிரந்தரமாக. தீர்மானம் போட்டுவிட்டு ஆளுக்கு நாலு இட்லி வாங்கிச் சாப்பிட்டார்கள்.

அஞ்சலாட்சிக்கு அன்று முழுக்க மாவு கரைக்கக் கை வரவில்லை. கெஞ்சிப் பார்த்தாள், ஊர் நன்மைக்கு என்றார்கள். திட்டிப் பார்த்தாள், குரல் அருமை, அதனால்தான் தங்கச்சியை வைக்க முடியவில்லை என்றார்கள். நியாயம் பேசிப் பயனில்லை, இவர்கள் பேசுவதையே பேசிப் பார்ப்போம் என்று தோன்றியது.

அதிகாரி வருகிற அன்று காலை மூவரும் பூட்டோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையில் கை துடைத்தாள்.

“பூட்டிக்கங்கண்ணே. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். தினம் காலையில இந்தப் பெஞ்சுல மூணு பேர் உட்கார்ந்து ஊர் வழக்கு பேசுறீங்களே, அந்தப் பெஞ்சுல யாரு உட்கார்ந்து பேசுறது?”

மரியசூசை புது நகர்ப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“அங்க யாருமில்லையே” என்றார்.

“இங்க நாம இருக்கோம்” என்றார் கோதண்டபாணி. “தலைவரே! புள்ளி நாமதான்!”

தணிகாசலம் மெல்ல எழுந்தார். “இத்தனை நாள் கம்பத்தையும் பள்ளத்தையும் தேடிக்கிட்டிருந்தோம். ஊர்லயே பெரிய வித்தியாசம் நாமதானா? வாங்கய்யா, வெளிய போயிடுவோம்.”

“அக்காவும் வரணுமே” என்றார் மரியசூசை.

“வராம இருப்பேனா?” என்றாள் அஞ்சலாட்சி. “ஆனா சங்கத்துக்கு முன்னாடி நான் போனா மரியாதையா இருக்குமா? நீங்க முதல்ல போங்க. ரோட்டுக்குப் போய் நின்னு ஒரு குரல் கொடுங்க. கேட்டதும் நானே பூட்டிட்டு வந்துடறேன்.”

அவளுடைய மரியாதையைப் பாராட்டிக்கொண்டே மூவரும் போனார்கள். பூட்டையும் அவளிடமே கொடுத்தார்கள். நெடுஞ்சாலையில் பேருந்து நிழற்குடையின் கீழ் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டார்கள். லாரிகள் ஓடுகிற ரோட்டில் பக்கத்தில் நிற்பவருக்கே அது கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அதிகாரியின் கார் வந்து நின்றது. எதிரே ஒரே மாதிரி இரண்டு அலங்கார வளைவுகள், ஒரே மாதிரி எழுத்தில் நவரத்தின நகர், நவரத்தின நகர்.

“இதுல எது பழசு?” என்று கேட்டார் அதிகாரி.

“எங்களுக்குத் தெரியாதுங்க சார்,” என்றார் தணிகாசலம் பெருமையாக. “தெரிஞ்சா அது வித்தியாசம் ஆயிடும்.”

சொன்னதோடு நிற்காமல், தவறிப்போய்த் தெரிந்துவிடக் கூடாதே என்று மூவரும் வளைவுகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்கள்.

கார் பழைய நகருக்குள் போனது. சாய்ந்த கம்பத்தைக் கடந்தது, பள்ளங்களில் குதித்தது, அஞ்சலாட்சி கடை வாசலில் நின்றது. அதிகாரி இட்லி சாப்பிட்டார். பூங்காவைச் சுற்றி வெளியே வந்தது கார். “இப்ப அடுத்தது” என்றார் அதிகாரி. டிரைவருக்கு எந்த வளைவிலிருந்து வெளியே வந்தோம் என்பது மறந்துவிட்டது. மறுபடியும் அதிலேயே நுழைந்தார். அஞ்சலாட்சி மறுபேச்சில்லாமல் மறுபடியும் இட்லி வைத்தாள்.

அதிகாரி நிழற்குடைக்கு வந்தபோது வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார்.

“பிரமாதம்யா! ஒரு வித்தியாசம் இல்ல. அதே கம்பம், அதே பள்ளம். அந்த இட்லிக் கடை அம்மாகூட அதே முகம், அதே குரல். சட்னியில உப்புகூட அதே மாதிரி கொஞ்சம் தூக்கல். அனுமதி கொடுத்தாச்சு. இனிமே இங்க ஒண்ணும் மாறக் கூடாது, இப்ப இருக்கிற மாதிரியே இருக்கணும். புரிஞ்சுதா?”

கார் போய்விட்டது.

“அக்கா ரெண்டு இடத்துலயும் இருந்திருக்கு,” என்றார் மரியசூசை பயபக்தியோடு. “முடியும்னா முதல்லயே சொல்லியிருக்கலாம்.”

அடுத்த வாரம் தங்கச்சி வந்து புதுக் கடையில் அடுப்புப் பற்றவைத்தாள். ஒல்லியாக இருக்கிறாள் என்று சொல்ல அங்கே யாருமில்லை. ஏனென்றால், இப்போது இருக்கிற மாதிரியே இருக்க வேண்டும் என்று அதிகாரி சொன்னபோது சங்கம் நிழற்குடையில் இருந்தது. அங்கேயே இருந்தாக வேண்டியதாயிற்று. வீட்டுக்காரம்மாக்கள் சோற்றுத் தூக்கோடு வந்தார்கள், அழுதார்கள், திட்டினார்கள். பிறகு, வீட்டில் சத்தம் குறைந்திருப்பதைக் கவனித்து, தூக்கை மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்பினார்கள்.

அங்கேயாவது நிம்மதியாக இருந்தார்களா என்றால், அதுவும் இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம், எதிர்த் திசை பஸ்ஸுக்காக இதே மாதிரி இன்னொரு நிழற்குடை இருப்பதைக் கோதண்டபாணி ஒரு நாள் பார்த்துவிட்டார்.

“தலைவரே, அதுல யாருமே இல்லை.”

நீண்ட விவாதத்துக்குப் பிறகு மூவரும் நடு ரோட்டுத் தடுப்புச் சுவர்மேல் ஏறி நின்றார்கள். இன்னும் அங்கேதான் நிற்கிறார்கள். மழைக்கு ஆளுக்கொரு குடை உண்டு, ஆனால் விரிப்பதில்லை. விரித்தால் எந்தப் பக்கம் சாய்த்துப் பிடிப்பது என்பது இன்னும் முடிவாகவில்லை.