குதிகாலின் ஏழு வாய்

"தலைக்கு எண்ணெய், முகத்துக்கு மஞ்சள், கண்ணுக்கு மை. நாள் பூரா உன்னைச் சுமக்கிற எனக்கு மட்டும் மண்ணா?"

காத்தாயியின் குதிகால் அன்று காலையிலிருந்து நான்காவது முறையாக இதைக் கேட்டது. ஆடும் எருமையும் தேனீயும் மனிதரோடு சரிக்குச் சரி வாயாடிய காலம் அது. குதிகாலுக்கும் ஒரு வாய் இருந்தது. இரண்டு காலுக்கும் பொதுவாக, வலது குதிகாலின் பின்பக்கத்தில், அழகாக ஒரே ஒரு வாய்.

"விடிஞ்சதிலிருந்து ஒரே பாட்டு. மூடேன் வாயை," என்றாள் காத்தாயி. செங்கல் களத்தில் மண் மிதிப்பதுதான் அவள் வேலை. முழங்கால்வரை சேறு. வேலை முடிந்ததும் அந்தச் சேறு தானாகக் காய்ந்து உதிரும். அதுதான் அவள் காலுக்குச் செய்த பராமரிப்பு.

"மூடறேன். எண்ணெய் வை."

"இருக்கிற எண்ணெய் தலைக்கே காணாது. ஒன்பது நாளில் எனக்குக் கல்யாணம், ஞாபகம் இருக்கா?"

"இல்லாம என்ன? நானும் அந்த நாளுக்குத்தான் காத்திருக்கேன். அம்மி மிதிக்கிறப்போ மாப்பிள்ளை என்னைத்தானே கையில பிடிப்பார்? உன் மாமியாரும் பக்கத்திலேயே நிப்பாங்க. அப்போ வடகச் சேதியைச் சொல்லிடறேன்."

மிதித்த மண்ணில் காத்தாயியின் கால் அப்படியே நின்றுவிட்டது.

வடகச் சேதி இதுதான். போன மாதம் காத்தாயியைப் பெண் பார்க்கப் பக்கத்து ஊரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை முத்திருளன் வெட்கப்பட்டுக்கொண்டு தலையை நிமிர்த்தவே இல்லை. உச்சந்தலை மட்டும் தெரிந்தது. உச்சந்தலையைப் பார்த்து யாராவது வாழ்க்கையை முடிவு செய்வார்களா? காத்தாயி மறுநாள் மத்தியானம் ஒருத்தரிடமும் சொல்லாமல் அந்த ஊருக்கு நடந்தாள். மாப்பிள்ளை வீட்டுக் கொல்லையில் வேலிக்கு உள்ளே புகுந்து எட்டிப் பார்த்தாள். முத்திருளன் கன்றுக்குட்டியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். அது உதறிய தண்ணீரில் தானும் குளித்து, சிரித்துக்கொண்டிருந்தான். முகம் பிடித்தது. சிரிப்பு இன்னும் பிடித்தது. அந்தப் பூரிப்பில் பின்னால் பார்க்காமல் இரண்டடி எடுத்து வைத்தாள்.

கறுக், முறுக்.

மாமியாராகப் போகிற பேச்சியம்மா பாயில் காயப்போட்டிருந்த கூழ் வடகம். நாலு நாள் வெயிலில் காய்ந்து, அன்றுதான் பானைக்குள் போக வேண்டியது. காத்தாயி எடுத்தாள் ஓட்டம். அவள் போன பிறகு வீட்டு வெள்ளாட்டுக் கிடா வந்து, உடைந்ததை எல்லாம் மேய்ந்தது. பேச்சியம்மா பார்த்தபோது கிடாவின் வாயில் வடகம்.

"உடைஞ்சு கிடந்ததைத்தான் தின்னேன் தாயீ, உடைச்சது நான் இல்லே," என்று கிடா கதறியது. யார் நம்புவார்கள்? அதற்கு முந்தின வாரம்தான் அது பேச்சியம்மாவின் புதுச்சேலை முந்தானையைத் தின்றுவிட்டுக் காற்று அடித்துக்கொண்டு போனதாகச் சொல்லியிருந்தது.

"கல்யாணத்துக்கு மறுநாள் கறிவிருந்துக்கு நீதான்," என்று சொல்லி அதைக் கட்டிப்போட்டாள் பேச்சியம்மா.

இதெல்லாம் காத்தாயியின் காதுக்கும் வந்தது. அவள் மண் மிதிக்கப் போய்விட்டாள். மாமியார் வீட்டு வாசலை மிதிக்கும் முன்பே வடகத்தை மிதித்தவள் என்று பேர் எடுக்க யாருக்கு ஆசை?

இப்போது குதிகால் மிரட்டுகிறது. காத்தாயி அவசரக்காரிகள் எல்லோரும் செய்கிற வேலையைச் செய்தாள். வீட்டுக்குப் போய் அரிவாள்மனையை எடுத்தாள். தடித்துப்போன தோலைச் சீவிவிட்டால் வாயும் கூடவே போய்விடும் என்று கணக்குப் போட்டு, வெள்ளரிக்காய் நறுக்குகிற மாதிரி ஒரு சீவு.

ரத்தம் வந்ததுதான் மிச்சம். மறுநாள் காலையில் ஒரு வாய் இருந்த இடத்தில் ஏழு வாய். நாலு வலது காலில், மூன்று இடது காலில்.

"வடகம்! வடகம்! வடகம்!" என்று ஏழும் சேர்ந்து கோஷம் போட்டன.

காத்தாயி ஓடிப்போய்க் குளத்தில் இறங்கினாள். தண்ணீருக்குள் சத்தம் அடங்கியது. குமிழி மட்டும் வந்தது. எதிரே கழுத்தளவு தண்ணீரில் கிடந்த எருமை ஒரு கண்ணைத் திறந்தது.

"ஏன்டி, கல்யாணப் பொண்ணு மூஞ்சியா இது?"

காத்தாயி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். எருமை அசைபோடுவதை நிறுத்தவில்லை.

"என் தோலைப் பாரு. கறுப்பா இருக்கலாம், எங்கேயாவது வெடிச்சிருக்கா? தினமும் ஊறுறேன். ஊறி எழுந்த கையோட, காயறதுக்குள்ள சேத்தைப் பூசிக்கிறேன். ஈரத்தை உள்ளே வச்சுப் பூட்டணும்டி. நீ ஊறவும் மாட்டே, பூசவும் மாட்டே, அரிவாள்மனையைத் தூக்கிட்டு வருவே. உன்னைக் கட்டிக்கப் போறவன் பாவம்."

"நானும் சேறு பூசவா?"

"நாள் பூரா சேத்துலதானே நிக்கிறே, என்ன கிழிச்சது? உனக்கு மெழுகுடி, மெழுகு. போய்த் தேனீயைக் கேளு."

தேனீ முதலில் கொட்ட வந்தது. விஷயத்தைக் கேட்டதும் சிரித்தது. "தேனைப் பிழிஞ்சுட்டு மெழுகைத் தூர எறியற கூட்டம்தானே நீங்க. இப்பவாவது புத்தி வந்துதே. எடுத்துட்டுப் போ."

மெழுகால் ஏழு வாயையும் அடைத்துவிடுவது. காத்தாயியின் திட்டம் அவ்வளவுதான். அன்பும் இல்லை, அக்கறையும் இல்லை. ஆனால் அழுக்குக் காலில் மெழுகு ஒட்டவில்லை. அதனால் களத்துக்குப் போவதை நிறுத்திவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு பிடி உப்பைப் போட்டுக் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறந்ததிலிருந்து அவள் சும்மா உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"ஐயோ, சுகமே!" என்றது ஒரு வாய்.

"தண்ணி இன்னும் கொஞ்சம் சூடா இருக்கலாம்," என்றது இன்னொன்று. இடம் கொடுத்தால் அப்படித்தான்.

பிறகு விரல் இடுக்கு உட்பட ஈரம் போகத் துடைத்தாள். விளக்கெண்ணெயில் மெழுகை உருக்கி, ஒரு சிட்டிகை மஞ்சள் சேர்த்து, ஆறவைத்து, ஒவ்வொரு வாயிலும் தடவினாள். மேலே பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டு படுத்தாள். ஒரே நாளில் சரியாகிவிடும் என்று மறுநாள் அவிழ்த்துப் பார்த்தாள். ஆகவில்லை. ஒரு நாள் தடவிவிட்டுப் பலனில்லை என்று புலம்புகிறவர்களுக்கு என்ன சொல்வது? நல்ல காலம், காத்தாயிக்குப் புலம்பவும் நேரமில்லை. மறுபடி ஊறினாள், மறுபடி தடவினாள்.

சீவின காயம் நாலாம் நாள் ஆறியது. அதன் பிறகு துவைக்கிற கல்லின் ஓரத்தில், ஊறின குதிகாலை இலேசாகத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கத் தோல் உதிர்ந்தது, கூடவே குரலும் தேய்ந்தது. "வடகம்" என்ற கூச்சல் முணுமுணுப்பானது. ஆறாம் நாள் வெறும் காற்று. எட்டாம் நாள் கடைசி வாய் ஒரு பெரிய கொட்டாவி விட்டு மூடிக்கொண்டது.

காத்தாயி தன் குதிகாலைத் தானே தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். வாழைத்தண்டு மாதிரி வழவழவென்று இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில். மேளம் முழங்கியது. தாலி ஏறியது. முத்திருளன் குனிந்து அவள் பாதத்தைக் கையில் ஏந்தினான்.

"மண் மிதிக்கிற கால்னு சொன்னாங்க, வெண்ணெய் மாதிரி இருக்கே!" என்றான். முதல் முறையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

குதிகால் மூச்சுவிடவில்லை. அம்மியின் குளிர்ச்சி உள்ளங்காலில் பட்டது. காத்தாயி நிம்மதியாகத் தலையை நிமிர்த்தியபோது பந்தலுக்கு வெளியே, முருங்கை மரத்தடியில் கட்டியிருந்த கிடா கண்ணில் பட்டது. அதுவும் அவளைப் பார்த்தது.

"மகராசியா இரு, தாயீ," என்றது கிடா. கேலியே இல்லை. மனதாரச் சொன்னது.

காத்தாயிக்குத் தூக்கிவாரிப்போட்டது. இனிமேல் யார் சொல்லப் போகிறார்கள்? இந்தப் பந்தலில் உண்மை சொல்லக்கூடிய ஏழு வாயையும் எண்ணெய் வைத்து மூடியாயிற்று. நாளைக்கு இந்நேரம் கிடா குழம்பில் கிடக்கும். அவள் அம்மியில் நின்றபடியே சத்தமாகச் சொன்னாள்:

"அத்தை, உங்க வடகத்தை மிதிச்சது நான்தான்!"

மேளம் நின்றது.

"என்னது?" என்றாள் பேச்சியம்மா. "நாலு நாள் காக்கா ஓட்டிக் காயவச்ச வடகம்டி அது! எதுக்கு என் கொல்லைக்கு வந்தே?"

"உங்க மகனைப் பார்க்கத்தான் அத்தை. பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கு உச்சந்தலைதான் தெரிஞ்சுது."

பந்தலில் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். பேச்சியம்மா சிரிக்கவில்லை. இடுப்பில் கைவைத்துக் கேட்டாள். "பார்த்தியே, பிடிச்சுதா?"

"பிடிச்சுப்போய்த்தான் அத்தை, பின்னாடி பார்க்காம மிதிச்சேன்."

பேச்சியம்மா எவ்வளவோ அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முத்திருளன் மறுபடி தலை குனிந்துகொண்டான். அவன் காது மட்டும் சிவந்திருந்தது.

"கிடாவை அவுத்து விடுங்கடா! நாளைக்குப் பூசணிக்காய்ச் சாம்பார்தான். அடுத்த வெயிலுக்கு வடகம் பூரா இவதான் போடணும்," என்றாள் பேச்சியம்மா.

கிடா அவிழ்ந்த வேகத்தில் பந்தல் வாழையில் ஓர் இலையைக் கடித்தது. யாரும் கேட்பதற்கு முன்பே, "நான்தான்," என்று ஒப்புக்கொண்டது. மேளம் மறுபடி முழங்கியது.

காத்தாயி அம்மி மிதித்த அந்த நாளிலிருந்துதான், கல்யாணப் பெண்ணுக்கு நலங்கு வைப்பவர்கள் முதலில் அவள் காலைத் தேடுகிறார்கள். குளிக்கிற இடத்தில் கால் தேய்க்க ஒரு கல் கிடக்கிறது. குதிகாலும் தன் வழக்கத்தை விடவில்லை. கவனித்தால் வாயை மூடிக்கொள்கிறது, கவனிக்காவிட்டால் திறக்கிறது. குரல்தான் அந்தக் கல்லோடு போய்விட்டது.

கல்யாணமாகி நாலு வருஷத்தில் காத்தாயிக்கு இரண்டு பிள்ளைகள். ஒரு நாள் அடுப்பில் உலை பொங்கியது, சின்னது அழுதது, பெரியது கன்றுக்குட்டியோடு சண்டை போட்டது, பேச்சியம்மா கொல்லையிலிருந்து கூப்பிட்டாள். அவள் ஓடின ஓட்டத்தில் குதிகால் ஓரத்தில் சின்னதாக ஒரு வாய் திறந்தது. சத்தமே வராமல், அவள் அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் கேட்டது:

"காத்தாயி, கொஞ்சம் உட்காரேன்."