சர்வேயர் வீட்டுச் சிம்னி

"தாயி, புகை வெளிய போகமாட்டேங்குது," என்றார் ஆறுமுகநயினார்.

வடிவம்மா கண்ணைத் திறந்தார். காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் பிறவியைப் பற்றியும் வினையைப் பற்றியும் கேட்டு அவரைத் தூங்க வைத்திருந்தார்கள்.

"எந்தப் புகை?"

"அடுப்படிப் புகை."

வடிவம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தென்காசிக்குப் பக்கத்தில், சிற்றாற்றங்கரையில், ஒரு தகரக் கொட்டகைதான் வடிவம்மாவின் மடம். அவருக்கு வயது முப்பத்தாறு. கேள்வி கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் தலை நரைத்தவர்கள். ஆறுமுகநயினாருக்கு அறுபத்து மூன்று.

நயினார் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு சாண் நிலத்தை அளந்து சொல்லி, அண்ணன் தம்பியைப் பத்து வருஷம் பேசாமல் இருக்க வைத்தவர் என்று ஊரில் சொல்வார்கள். அளவு சரிதான் என்றும் சொல்வார்கள்.

அவருக்கு வந்த கஷ்டம் இது. மனைவி ஆவுடையம்மாளுக்கு மூச்சிழுப்பு. புகையும் நெடியும் ஆகாது, அடுப்படிப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். புகை வெளியேற வழி செய்தால் அப்புறம் பார்க்கலாம் என்றாராம்.

இரண்டு மாதமாக நயினார்தான் சமையல்.

அவர் வைத்த குழம்பை ஆவுடையம்மாள் குறை சொல்லாமல் சாப்பிட்டார். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் அந்த அம்மாள் எதையும் குறை சொல்லாமல் சாப்பிட்டதில்லை. நயினார் பயந்து போனார்.

போதாக்குறைக்கு மகளிடமிருந்து போன் வந்துவிட்டது. அம்மாவைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போய்த் தன்னோடு வைத்துக்கொள்ளப் போகிறாளாம். ஞாயிற்றுக்கிழமை வருகிறாள்.

அதனால்தான் புகையை இழுத்து வெளியே தள்ளுகிற கரண்டுச் சிம்னி ஒன்று வாங்கினார். ஆள் வைத்து மாட்டவில்லை. அடுத்தவன் பிடித்த டேப்பை நயினார் என்றைக்கும் நம்பியதில்லை.

"கேஸ் அடுப்புக்கு மேல ரெண்டரை அடி தாயி. நூல் பிசகல. சுவத்துக்குள்ள வயரு ஓடுதான்னு பாத்துட்டுத்தான் துளை போட்டேன். போல்ட்டு செங்கல்லுல நிக்கி, பூச்சுல இல்ல. பிளக்குக்கு எர்த்து இருக்கு. குழாயில ஒரே ஒரு வளைவு. குருவி கூடு கட்டாம இருக்க வெளி வாயில வலை."

"மெயினை அணைச்சிட்டா வேலை பாத்தீங்க?"

"அணைக்காமலா?"

"பொறவு என்ன?"

"மிளகாய் வத்தல் வறுத்துப் பாத்தேன். சிம்னி சத்தம் மட்டும் போடுது. நெடி அங்கனயே நிக்கி."

குழாயைக் கழற்றி மூன்று தடவை மாட்டிவிட்டாராம். மூன்று தடவையும் இருமியதுதான் மிச்சம்.

தீ எப்படி எரிகிறது என்று வடிவம்மா கேட்டார். மஞ்சளாக ஆடுகிறது, பாத்திரத்து அடியெல்லாம் கரி, சமைத்து முடித்தால் தலை கனக்கிறது என்றார் நயினார்.

வடிவம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. தான் சொல்கிற வரைக்கும் அந்த அடுப்பைப் பற்ற வைக்கவே கூடாது, சாப்பாட்டை ஓட்டலில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார். நயினார் தலையாட்டினார்.

பிறகு அவரைப் பக்கத்தில் வரச் சொன்னார்.

"அண்ணாச்சி, மூச்சை விடுங்க."

விட்டார்.

"இன்னும் விடுங்க."

விட்டார்.

"இன்னும்."

நயினார் உள்ளே இழுக்கப் போனார். வடிவம்மா விரலை ஆட்டினார்.

"வாங்கக் கூடாது. விட மட்டும்தான் செய்யணும்."

நயினாரின் முகம் சிவந்தது. கண் பிதுங்கியது. வயிறு முதுகோடு ஒட்டியது. கடைசியில் பெரிய சத்தத்தோடு காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு தரையைப் பிடித்தார். வினையைப் பற்றிக் கேட்க வந்தவர்கள் வினையை மறந்து சிரித்தார்கள்.

"போயிட்டு வாங்க," என்றார் வடிவம்மா.

நயினாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எட்டு வருஷமாக மடத்துக்கு வருகிறார். கேள்வி கேட்டால் பதிலுக்குத் தின்ன ஒரு முறுக்குதான் கிடைக்கும். இன்றைக்குத்தான் உபதேசம் கிடைத்தது.

போகிற வழியிலேயே கோரைப்பாய் ஒன்று வாங்கினார். மறுநாள் விடியற்காலையில் குளித்துவிட்டுக் கிழக்கே பார்த்து உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி செய்தார். அடுத்த நாள் மனைவியையும் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

ஆவுடையம்மாள் உட்காரவில்லை.

"எனக்கு மூச்சு வரலன்னுதான் மாத்திரை தாராங்க. இருக்கதையும் விடச் சொல்லுதீங்களே."

மூன்று நாளும் ஓட்டல் இட்டலி. அதையும் அந்த அம்மாள் ஒன்றும் சொல்லாமல் தின்றார்.

சனிக்கிழமை காலையில் நயினார் மடத்துக்கு ஓடினார். மூச்சு நன்றாக வருகிறது, மலையே ஏறலாம் போல இருக்கிறது என்றார். சிம்னி மட்டும் அப்படியேதான் இருக்கிறது, போட்டால் வெறும் சத்தம்தான் என்றார். நாளைக்கு மகள் வந்துவிடுவாள் என்றும் சொன்னார்.

வடிவம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"நடங்க, உங்க வீட்டுக்கு."

வீட்டில் ஆவுடையம்மாள் கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சமைக்கப் போவதில்லை என்று அவருக்குத் தெரியும். கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான். வடிவம்மாவைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார்.

நயினார் அடுப்படியைத் திறந்து காட்டினார். உள்ளே போனதும் கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.

சன்னல் வழியாகத்தான் குழாய் வெளியே போனது. குழாயைச் சுற்றி மிச்சமிருந்த இடத்தைப் பலகை வைத்து அடைத்து, இடுக்கில் மக்குப் பசை பூசியிருந்தார். கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை. கதவோரத்திலும் ரப்பர் பட்டை. சாவித் துவாரத்தில் பஞ்சு.

"எறும்பு நுழையாது தாயி," என்றார் பெருமையாக.

வடிவம்மா அடுப்படி மூலைக்குப் போனார். சாமி மாடத்தில் இருந்த ஊதுபத்தி ஒன்றைப் பற்ற வைத்தார். சிம்னியைப் போட்டார். ஊதுபத்தியை அதற்குக் கீழே பிடித்தார்.

புகை எழுந்தது. எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே சுற்றியது.

தாழை எடுத்துக் கதவை இரண்டு விரல் அளவு திறந்தார். ஊதுபத்தியை அந்தச் சந்தில் பிடித்தார்.

புகை சடக்கென்று உள்பக்கம் திரும்பிச் சிம்னியைப் பார்த்து ஓடியது.

கதவைச் சாத்தினார். புகை சுற்றியது. திறந்தார். ஓடியது. சிம்னியின் சத்தமும் மாறியது. அதுவரை முனகிக்கொண்டிருந்தது, இப்போது இரைந்தது.

நயினார் வாயைத் திறந்தபடி நின்றார். தன்னை அறியாமல் ஒரு நீண்ட மூச்சை உள்ளே இழுத்தார். மூன்று நாள் பாயில் உட்கார்ந்து விளங்காதது அப்போதுதான் விளங்கியது.

உடனே முகம் வாடிவிட்டது.

"கதவைத் திறந்து வச்சா நெடி அவகிட்டப் போயிருமே. அவளுக்காகத்தான தாயி அடைச்சேன்."

வடிவம்மா ஊதுபத்தியை அவர் கையில் கொடுத்துக் கதவுச் சந்தில் பிடிக்க வைத்தார்.

"இது எந்தப் பக்கம் போகுது?"

"உள்ள."

"பொறவென்ன?"

ஊதுபத்திக்கும் மிளகாய் வற்றலுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது என்றார் நயினார். அப்படியானால் வறுத்துப் பாருங்கள் என்றார் வடிவம்மா.

நயினார் கூடத்துக்குப் போனார். மனைவியைப் பத்து நிமிஷம் பக்கத்து வீட்டில் போய் இருக்கச் சொன்னார். முந்தானையை மூக்கில் பிடித்துக்கொள்ளச் சொன்னார். தெருக்கதவையும் சாத்திக்கொண்டு போகச் சொன்னார். ஆவுடையம்மாள் எல்லாவற்றுக்கும் சரி என்றார்.

நயினார் திரும்பி வந்து அடுப்பைப் பற்ற வைத்தார். கதவு பாதி திறந்திருந்தது. தீ நீலமாக, ஆடாமல் நின்றது. வாணலி காய்ந்தது. எண்ணெய் விட்டார். பத்து மிளகாய் வற்றலைக் கிள்ளிப் போட்டார்.

பழக்கத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

இருமல் வரவில்லை.

கண்ணைத் திறந்தார். வாணலியிலிருந்து கிளம்பிய நெடி நேரே மேலே போய்க்கொண்டிருந்தது. வளையவில்லை, திரும்பவில்லை. நயினாருக்குக் குதிக்கலாம் போல இருந்தது. அறுபத்து மூன்று வயதை மறந்து ஒரு குதி குதித்தும் விட்டார்.

"தாயி, போகுது! பாத்தீங்களா?" என்று திரும்பினார்.

வடிவம்மா கதவை முழுசாகத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். வாசலில் ஆவுடையம்மாள் நின்றார். அவர் பக்கத்து வீட்டுக்குப் போகவே இல்லை. மூக்கில் முந்தானையும் இல்லை.

நயினாருக்கு உயிரே போய்விட்டது. கரண்டியோடு இரண்டு கையையும் விரித்து வழியை மறித்தார்.

"உள்ள வராத. நெடி."

ஆவுடையம்மாள் நிதானமாக மூச்சை இழுத்தார். நயினார் இழுப்பு வரப்போகிறது என்று காத்திருந்தார். மூச்சு போனது. வந்தது. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். அதுவும் வந்தது.

அந்த அம்மாள் அவர் கைக்கு அடியில் குனிந்து உள்ளே நுழைந்தார். வாணலியை எட்டிப் பார்த்தார்.

"கருகுது. தள்ளுங்க."