மூன்று நிமிடத் தேடல்

காலை ஆறு மணி பத்து நிமிடம். விடிய விடியப் பெய்த சாரல் அப்போதுதான் நின்றிருந்தது. தைல மரங்களுக்கிடையே இடுப்பளவு உயரத்துக்குப் பனி தேங்கியிருந்தது. காற்று இல்லை.

வேங்கடபதி மற்ற இருவருக்கும் முன்பாகவே தோப்புக்கு வந்துவிட்டார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

செலின் டீச்சர் முதல் கூடையின் சங்கிலிகளில் சிக்கியிருந்த சருகுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த மலையில் டிஸ்க் கால்ஃப் என்ற விளையாட்டைக் கொண்டுவந்தவர் அவர். கம்பத்தில் பொருத்திய இரும்புக்கூடை, அதற்கு மேல் தொங்கும் சங்கிலிகள். வட்டமான பிளாஸ்டிக் தட்டை வீச வேண்டும். அது விழுந்த இடத்திலிருந்து மறுபடி வீச வேண்டும். கடைசியில் அது சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழ வேண்டும். தோப்புக்குள் ஒன்பது கூடைகளை நட்டவரும் அவரே. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை, வயது முப்பத்தாறு. அவரிடம் வீசக் கற்றுக்கொண்ட மூவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஞாயிறுதோறும் வந்தார்கள். அவரை டீச்சர் என்றே அழைத்தார்கள்.

"கேளுங்க சார்."

"ஒருத்தரோட பொருள் நம்ம கையில இருக்கு. கொடுக்க முடியல. எடுத்த இடத்துலயே போட்டுட்டா, கொடுத்த மாதிரி ஆகுமா?"

"யாரோட பொருள்?"

வேங்கடபதி பாதையைத் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. முதுகிலிருந்த பையை இறக்கி, அடியறையிலிருந்து ஒரு வெள்ளைத் துணிச்சுருளை எடுத்துப் பிரித்தார்.

மஞ்சள் நிறத் தட்டு.

டீச்சர் அதைக் கையில் வாங்கவில்லை.

"போஜன் சாரோடது."

"ஆமாம்."

"ஏழாவது கூடைகிட்ட தொலைஞ்சது."

"தொலைஞ்ச மறுநாளே கிடைச்சுது டீச்சர். திங்கக்கிழமை, கடை திறக்கறதுக்கு முன்னாடி தனியா வந்து தேடினேன். அந்த உண்ணிச்செடிப் புதர்ல, கைக்கு எட்டற உயரத்துலதான் செருகிட்டு இருந்தது."

"அப்புறம்?"

"ஒரு ஞாயித்துக்கிழமை தவிக்கவிட்டுக் கொடுக்கலாம்னு நெனச்சேன். சும்மா, விளையாட்டுக்கு. எட்டாங்கிளாஸ்ல என் சைக்கிளை மூணு நாள் ஒளிச்சு வெச்சவன்தானே அவன்."

அவர் தட்டைக் கவிழ்த்தார்.

"அந்த வியாழக்கிழமை பார்வதி போயிட்டாங்க."

பார்வதி, போஜனின் மனைவி. தட்டின் அடிப்பக்கத்தில், கறுப்பு மையில், உருண்டை உருண்டையான அவருடைய எழுத்து இருந்தது. முதலில் கணவரின் பெயர். அடுத்து ஒரு தொலைபேசி எண். அதற்குக் கீழே, 'கிடைத்தால் கூப்பிடுங்கள்.' போஜனின் கையெழுத்தை வேறொருவர் படிக்க முடியாது என்பதால் அவரே எழுதிக் கொடுத்தது.

"காரியமெல்லாம் முடிஞ்ச அடுத்த ஞாயிறு வந்தான். முதல் கூடைகிட்ட நிக்கவே இல்ல. நேரா அந்தப் புதருக்குத்தான் போனான். அப்ப எப்படி டீச்சர் சொல்றது, விளையாட்டுக்கு எடுத்து வெச்சிருந்தேன்னு?"

டீச்சர் சங்கிலியிலிருந்து இன்னொரு சருகை எடுத்தார்.

தட்டு தொலைந்தால் மூன்று நிமிடம் தேடலாம் என்பது அந்த விளையாட்டின் விதி. ஒருவர் தட்டை எல்லோரும் சேர்ந்து தேடுவது வழக்கம். மூன்று நிமிடத்துக்குப் பிறகு அதை விட்டுவிட்டு ஆட்டத்தைத் தொடர வேண்டும். போஜனும் தொடர்ந்தார். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும், ஏழாவது கூடைக்கு வரும்போது, வீசுவதற்கு முன் மூன்று நிமிடம் புதரை விலக்கிப் பார்த்தார். மற்ற மூவரும் உடன் தேடினார்கள். பதினொரு மாதங்களாக.

வேங்கடபதியும் தேடினார், தட்டை முதுகில் சுமந்துகொண்டு. வீட்டில் வைக்க அவரால் முடியவில்லை. அவருடைய மனைவிக்குப் பார்வதியின் எழுத்து தெரியும்.

"இன்னைக்கு முன்னாடியே போய் உள்ள போட்டுடறேன் டீச்சர். அவன் கையாலயே எடுக்கட்டும். அவனுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

"சரி," என்றார் டீச்சர்.

இதை வேங்கடபதி எதிர்பார்க்கவில்லை.

"சரிங்களா?"

"கொடுங்க, பார்ப்போம்."

தட்டை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"ரொம்பச் சுத்தமா இருக்கு சார். இத்தனை மாசம் மழையில கிடந்த தட்டு இப்படி இருக்காது. போஜன் சார் கண்டுபிடிச்சுடுவார்."

தட்டை அவரிடமே கொடுத்துவிட்டுக் குனிந்து, கூடையின் அடியிலிருந்து ஈரச் செம்மண்ணை ஒரு பிடி அள்ளினார். உள்ளங்கையை அவர் முன் நீட்டினார்.

"பூசுங்க."

வேங்கடபதி மண்ணைத் தொட்டு எடுத்து மேற்பரப்பில் தேய்த்தார். மஞ்சள் மங்கியது.

"ஓரத்துலயும்."

ஓரத்தில் தேய்த்தார்.

"இப்ப அடியில."

தட்டைத் திருப்பினார். மண் படிந்த கட்டைவிரல் முதல் எழுத்துக்கு மேலே போய் நின்றது. அங்கேயே இருந்தது.

"அழிஞ்சிடும்."

"மழையில கிடந்திருந்தா அழிஞ்சுதான் போயிருக்கும்."

"நான் துணி சுத்தி வெச்சதாலதான் டீச்சர் இந்த எழுத்து இன்னும் இருக்கு. இல்லேன்னா எப்பவோ போயிருக்கும்."

"அதை அவர்கிட்ட சொல்லுங்க."

டீச்சரின் கை நீட்டியபடியே இருந்தது.

கீழே, வளைவில், ஸ்கூட்டர் ஏறி வரும் சத்தம் கேட்டது. வேங்கடபதி தட்டை மண்ணோடு துணியில் சுற்றிப் பைக்குள் தள்ளினார்.

டீச்சர் கையைக் கவிழ்த்தார். மண் விழுந்தது. கையைத் துடைத்துக்கொள்ளவில்லை.

ஸ்கூட்டரை ஓட்டி வந்தவர் இக்பால். கடைவீதியில் மெக்கானிக் பட்டறை வைத்திருப்பவர். பின்னால் போஜன், இரண்டு ஏக்கர் தேயிலைக்காரர்.

"என்ன டீச்சர், கையில மண்ணு? எங்க தலையில போடவா?" என்றார் இக்பால்.

"உன் தலைக்குள்ள ஏற்கெனவே அதுதான் இருக்கு," என்றார் போஜன்.

அதற்குப் பிறகு போஜன் நெடுநேரம் பேசவில்லை. மனைவி போனதிலிருந்து அவருடைய பேச்சு அவ்வளவுதான்.

ஆட்டம் தொடங்கியது. வேங்கடபதியின் முதல் வீச்சு இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் ஒரு மரத்தில் மோதியது. இரண்டாவது கூடையில் இன்னொரு மரம். நான்காவதில் இரண்டு.

"அந்த மரமெல்லாம் உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு, பதி?" என்றார் இக்பால். "மருந்துக்கடைய மூடிட்டு மரம் வெட்டப் போயிரு. கத்திகூட வேணாம்."

யாரும் சிரிக்காததால் அவரே சிரித்துக்கொண்டார்.

ஆறாவது கூடையில் தட்டை எடுத்துக்கொண்டே அவர் சொன்னார்:

"அடுத்த வாரம் கீழ் மைதானத்துக்குப் போலாமா? டீச்சர் அங்க அஞ்சு கூடை நட்டு ஆறு மாசமாச்சு. நாம ஒரு நாள்கூட எட்டிப் பாக்கல. பக்கத்துலயே டீக்கடை வேற."

"நீங்க போங்க," என்றார் போஜன். "நான் இங்க வரேன்."

இக்பால் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

ஏழாவது எறிமேடைக்கு இடப்புறம் சரிவு. சரிவு முழுக்க உண்ணிச்செடி. மழையில் நனைந்த இலைகளின் காரமான வாசனை மேலே வந்தது.

எல்லோரும் பைகளை இறக்கி வைத்தார்கள். வேங்கடபதி இறக்கவில்லை.

போஜன் சட்டைப்பையிலிருந்து ஒரு கைப்பேசியை எடுத்து நேரம் பார்த்தார்.

"மூணு நிமிஷம்."

இக்பால் மேலே போனார். டீச்சர் புதரின் மறுமுனைக்குப் போனார். போஜனும் வேங்கடபதியும் நடுவில், தோளோடு தோள் நின்று, முட்கிளைகளை விலக்கினார்கள்.

"போன் மாத்திட்டியா?" என்று கேட்டார் வேங்கடபதி. ஏதாவது பேச வேண்டியிருந்தது.

"இது பார்வதியோடது."

"இன்னும் வெச்சிருக்கியா?"

"அந்தத் தட்டுல அவ நம்பரைத்தான் எழுதினா. நான்தான் போனை எடுக்கறதே இல்லையே. யாருக்காவது கிடைச்சா இதுக்குத்தான் கூப்பிடுவாங்க. மாசாமாசம் ரீசார்ஜ் பண்ணி வெச்சிருக்கேன்."

வேங்கடபதியின் கை ஒரு கிளையைப் பிடித்தபடி நின்றுவிட்டது. அந்த எண்ணை அவர் ஒருநாளும் கூர்ந்து படித்ததில்லை.

"யாராவது கூப்பிட்டாங்களா?"

"ஒரே ஒரு தடவை. லோன் வேணுமான்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு."

"வேணாம்னுட்டியா?"

"கொஞ்ச நேரம் பேசிட்டிருந்தேன்."

போஜன் இன்னும் தாழக் குனிந்து, வேர்ப்பக்கம் பார்த்தார்.

"தட்டு போனாப் போகுது. இன்னொண்ணு வாங்கிக்கலாம். அவ எழுதினது எங்கிட்ட வேற எதுவும் இல்லடா. மளிகைச் சீட்டையெல்லாம் அன்னன்னைக்கே கசக்கிப் போட்டுட்டேன்."

வேங்கடபதி நிமிர்ந்தார். புதரின் மறுமுனையில் டீச்சர், மண் காய்ந்த கையால் இலைகளை விலக்கிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

வேங்கடபதி பையை இறக்கினார். துணிச்சுருளை எடுத்தார். துணியில் செம்மண் அப்பியிருந்தது. பிரித்து, எழுத்து மேலே தெரியும்படி தட்டை நீட்டினார்.

போஜன் வாங்கிக்கொண்டார். பெயரைப் படித்தார். எண்ணைப் படித்தார். கடைசி வரியைப் படிக்க அதிக நேரம் ஆனது.

"எங்க இருந்தது?"

கையெட்டும் தூரத்தில் புதர் இருந்தது. 'இங்கதான்' என்ற ஒரே ஒரு சொல் போதும். போஜன் நம்புவார்.

"என் பையில."

"எப்ப இருந்து?"

"தொலைஞ்ச மறுநாள்ல இருந்து. விளையாட்டுக்குத்தான்டா எடுத்து வெச்சேன். அதுக்குள்ள பார்வதி..."

போஜன் கையை உயர்த்தினார். வேங்கடபதி நிறுத்திக்கொண்டார்.

"எத்தனை வாரம் என்கூட நின்னு தேடினே?"

"மழைக்கு வராத நாலு வாரம் போக, நாப்பத்தி மூணு."

"எண்ணியிருக்கே."

"ஆமா."

மேலேயிருந்து இக்பாலின் குரல் வந்தது.

"மூணு நிமிஷம் ஆயிருச்சுப்பா. வாங்க, எறியலாம்."

போஜன் சட்டையின் மேல் பொத்தான்கள் இரண்டைக் கழற்றி, தட்டை உள்ளே, மார்போடு வைத்துப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார். தன் பையைத் தோளில் மாட்டினார். ஸ்கூட்டர் நின்ற திசைக்குப் போகாமல், சரிவில் இறங்கும் ஒற்றையடிப் பாதையில் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. பனி கலைந்திருந்ததால் நெடுந்தூரம் வரை அவர் தெரிந்தார்.

இக்பால் இறங்கி வந்தார். தரையில் கிடந்த மண் துணியைப் பார்த்தார். வேங்கடபதியின் முகத்தைப் பார்த்தார்.

"சொல்லிட்டேன் டீச்சர்," என்றார் வேங்கடபதி.

"கேட்டுது."

"நிம்மதியா இருக்கும்னு நெனச்சேன்."

டீச்சர் தன் பையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"இப்ப நான் என்ன பண்ணட்டும்?"

டீச்சர் எறிமேடையைக் காட்டினார்.

"உங்க முறை சார்."

வேங்கடபதி மேடையில் ஏறி வீசினார். தட்டு இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் மரத்தில் மோதி விழுந்தது. அது விழுந்த இடத்தை நோக்கி மூவரும் நடந்தார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை.

செலின் டீச்சர் காலை ஏழரை மணிக்குப் பள்ளி மைதானத்தில், ஆறாம் வகுப்பின் ஓட்டப்பந்தயத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டார். ஒரு கோடு வளைந்துவிட்டது. அழித்துவிட்டு மறுபடி போட்டார்.

இக்பால் பட்டறையைத் திறந்து, மூன்று நாட்களாகக் கிடந்த ஒரு ஜீப்பின் கிளட்சைக் கழற்றினார். வேலை முடியும்வரை யாரையும் கேலி செய்யவில்லை.

வேங்கடபதி வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகக் கடைக்கு வந்து, கண்ணாடி அலமாரிகளை எல்லாம் துடைத்தார்.

ஒன்பது மணிக்குப் போஜன் கடைவீதிக்கு வந்தார். முதலில் இருந்த மருந்துக்கடையைக் கடந்தார். இரண்டாவதையும் கடந்தார். வேங்கடபதியின் கடை முன் வந்து நின்றார்.

இரத்த அழுத்தத்துக்கு அவர் பதினைந்து ஆண்டுகளாக அங்கேதான் மாத்திரை வாங்குகிறார். வந்து நின்றால் போதும், அட்டை மேசைக்கு வந்துவிடும். அன்று அவர் மாத்திரையின் பெயரைச் சொன்னார். எத்தனை மில்லிகிராம் என்பதையும் சொன்னார், அந்தக் கடைக்கு முதன்முறை வருபவரைப் போல.

வேங்கடபதி அட்டையை எடுத்தார்.

"எத்தனை நாளைக்கு?"

"ஒரு மாசத்துக்கு."