மரகதத்துக்குப் பிடித்த கட்டளை

"எனக்கு என்ன குறை, சொல்லு?" என்றாள் மரகதம்.

குரு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"கட்டளை தெரியாதா? கேளு, நிறுத்தாம ஒப்பிக்கறேன். கணக்குச் சமன்பாடு அடிக்கத் தெரியாதா? கண்ணை மூடிட்டு அடிப்பேன். சேலத்துல எந்த பிரஸ்லயாவது போய் மரகதம்னா யாருன்னு கேட்டுப் பாரு!"

"கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"கெட்டிக்காரின்னாங்க."

"அப்புறம் என் பேரைப் போட உனக்கு என்ன கேடு?"

குரு ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டாள்.

"போட மாட்டேன்னு எங்க சொன்னேன்? புத்தகம் எழுதின தியாகேசன் சார் வரட்டும்."

சேர்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கும் அந்த இடத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கட்டளை மடம் என்பது ஊரார் வைத்த பெயர். காவி இல்லை, மணியோசை இல்லை. ஓட்டுக்கூரைக்குக் கீழே வரிசையாகக் கணினிகள். அங்கே புத்தகங்களுக்குப் பக்கம் கட்டுகிறார்கள்.

லேடெக் என்று ஒரு முறை. மவுஸைப் பிடித்து அதை இங்கே, இதை அங்கே என்று நகர்த்துகிற வேலை அதில் இல்லை. இது தலைப்பு, இது படம், இது அடிக்குறிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டளை எழுத வேண்டும். எழுதி முடித்துக் கணினியில் ஓட்டினால் பக்கம் தானாக வந்து நிற்கும்.

சும்மா சொல்லக்கூடாது, மடத்துப் புத்தகம் என்றால் அது மடத்துப் புத்தகம்தான். கையில் எடுத்தவர் கீழே வைக்க மாட்டார்.

இன்னொன்றும் உண்டு. புத்தகம் என்றால் எழுதினவர் பெயர் இருக்கும், அட்டை வரைந்தவர் பெயர் இருக்கும், அச்சடித்தவர் பெயர்கூட இருக்கும். பக்கம் கட்டினவள் பெயரை எவன் போடுகிறான்? மடத்தில் போடுவார்கள். கடைசிப் பக்கத்தில், நடுவில், தனியாக.

மரகதம் கட்டிய புத்தகங்களை அடுக்கினால் ஒரு பீரோ நிறையும். ஒன்றிலும் அவள் பெயர் இல்லை. அந்த வயிற்றெரிச்சல்தான் அவளைப் பஸ் ஏற்றி இங்கே கொண்டு வந்தது.

ஆனால் குரு சரி என்று சொல்ல வேண்டும். அங்கேதான் மரகதத்துக்கு மானம் போனது.

ஏனென்றால் குரு பெரியநாயகியும் மரகதமும் ஒரே வகுப்பு. ஒரே பெஞ்சு. மரகதம் எப்போதும் முதல் ரேங்க். பெரியநாயகி அவள் நோட்டைப் பார்த்துக் கணக்கு எழுதியவள். அப்படிப் பார்த்து எழுதியும் பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டு, மறுபடி பரீட்சை எழுதித் தேறியவள்.

இப்போது மடத்தில் எல்லாரும் அவளை "அம்மா" என்கிறார்கள். மரகதத்துக்கு அந்த வார்த்தை தொண்டையைத் தாண்டவில்லை. "நாயகி" என்பாள். கோபம் வந்தால் "ஏன்டி".

மடத்துக்கு வருகிற எல்லாரிடமும் குரு ஒன்று கேட்பாள். "உனக்குப் பிடிச்ச கட்டளை எது?"

ஒருத்தி அடிக்குறிப்புக் கட்டளை என்றாளாம். பெரிய மனிதர்களைக் காலடியில் உட்கார வைக்கலாமே! இன்னொருவன், ஆளைக் காட்டாமல் அவனுக்குரிய இடத்தை மட்டும் விட்டுவைக்கிற கட்டளை என்றானாம். சதவீதக் குறி என்று ஒருத்தன் சொன்னான். அந்தக் குறிக்குப் பிறகு அந்த வரியில் என்ன எழுதினாலும் கணினி படிக்காது, வேண்டாதவர்களைத் திட்டிக்கொள்ளலாம்.

மரகதம் யோசிக்கவே இல்லை.

"மேல இழுக்கற கட்டளை" என்றாள். "எங்க வெத்து இடம் துருத்திக்கிட்டுத் தெரியுதோ அங்க ஒரு இழுப்பு. எங்க பிடிக்கலையோ அங்க பக்கத்தை உடைப்பேன். என் பக்கம் நான் சொன்ன இடத்துல நிக்கும்."

குரு தலையாட்டி, கிரகணங்களைப் பற்றிய ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தாள். கல்லூரியில் வானியல் நடத்தும் தியாகேசன் எழுதியது. ஊர்ப்பட்ட படங்கள், ஊர்ப்பட்ட கணக்குகள்.

மரகதம் அதைச் செதுக்கினாள். படத்துக்கு எண், பக்கத்துக்கு எண், பொருளடக்கம் எல்லாம் கையாலேயே போட்டாள். எல்லாம் கச்சிதம். குருவே புரட்டிப் பார்த்து, "கண்ணுல ஒத்திக்கலாம்டி" என்றாள்.

அப்போதும் பெயரைப் போடவில்லை. தியாகேசன் வரட்டும் என்றாள்.

தியாகேசன் வந்தார். நல்ல மனிதர். ஒரே ஒரு வியாதி.

"அம்மா, ஒரு சின்ன கரெக்‌ஷன்."

"சொல்லுங்க சார்."

"முதல் அத்தியாயத்துல ஒரு வரி விட்டுப்போச்சு. ஒரே ஒரு வரி."

குரு அந்த வரியைத் தன் கையாலேயே சேர்த்தாள். ஓட்டினாள்.

நிலாவின் படம் ஒரு பக்கம், படத்தின் விளக்கம் மறுபக்கம். மரகதம் மேலே இழுத்துவைத்த வரிகள் வேறு வரிகளின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருந்தன. ஒரு பக்கத்தில் ஒற்றை வரி மட்டும் திருதிருவென்று நின்றது. அங்கிருந்து எல்லாப் பக்க எண்ணும் ஒன்று தள்ளிப் போயிருக்க, பொருளடக்கம் கூசாமல் பொய் சொன்னது.

"அடிப்பாவி! அழகா இருந்ததைக் கெடுத்துட்டியே!"

"நான் ஒரு வரிதானே சேர்த்தேன்" என்றாள் குரு.

தியாகேசன் பாவம், தன் கரெக்‌ஷனைப் பையில் திரும்பப் போட்டுக்கொள்ள வழி இருக்கிறதா என்று பார்த்தார்.

"இழுத்ததை எல்லாம் எடுத்துரு" என்றாள் குரு. "முதல்லேருந்து எழுது. எழுதி முடிக்கிற வரைக்கும் ஓட்டக் கூடாது."

"பக்கம் எப்படி வந்திருக்குன்னு பாக்காமலா?"

"பாக்காம. எது என்னன்னு மட்டும் சொல்லு. எங்க நிக்கணும்னு சொல்லாதே. எண்ணு எதையும் கையால போடாதே. படத்துக்கு ஒரு பேர் வை. வேணும்கற இடத்துல பேரைச் சொல்லிக் கூப்பிடு. எண்ணு தானா வரும்."

"எனக்கு எண்ணத் தெரியாதுங்கறியா?"

"உனக்கு எண்ணத் தெரியும். படம் ஒரே இடத்துல இருக்கும்னு யார் சொன்னா?"

மரகதம் பையைக் கட்டினாள். கேட் வரைக்கும் போனாள். பீரோ நிறையப் பெயரில்லாத புத்தகங்கள் அவள் கண்முன் வந்து நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

பேர் வைக்கிற கட்டளையை அவள் அதுவரை தொட்டதே இல்லை. எண்ணத் தெரியாதவர்களுக்கான ஊன்றுகோல் அது என்பது அவள் எண்ணம். இப்போது ஒவ்வொரு படத்துக்கும் பேர் வைத்தாள். முழுநிலா, அரைநிழல், வளையச் சூரியன். பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பக்கத்தைப் பார்க்காமல் எழுதிக்கொண்டே போனாள்.

மனசு கொதித்தபோது சதவீதக் குறி போட்டு அதற்குப் பின்னால் எழுதினாள்: கண்ணைக் கட்டிவிட்டுச் சமைக்கச் சொல்கிறாள் இந்த நாயகி. உப்பு கரித்தால் நான் பொறுப்பில்லை.

மறுநாள் வந்து பார்த்தால் அதற்குக் கீழே இன்னொரு சதவீதக் குறி. அதன் பின்னால்: சாப்பிடப் போவது நான்தானே, நீ சமை.

மரகதத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

எழுதி முடித்த அன்று தியாகேசனும் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். குரு கடலைக் கிண்ணத்தோடு வந்தாள்.

மரகதம் ஓட்டினாள். கணினி பாதியில் நின்று முறைத்தது. ஒரு அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு மூட மறந்திருந்தாள்.

"திறந்த வீட்டைச் சாத்தணுமில்ல" என்றாள் குரு.

மரகதம் மூடினாள். மறுபடி ஓட்டினாள். இந்தத் தடவை கடைசி வரைக்கும் ஓடியது.

பக்கம் வந்தது.

பொருளடக்கம் என்று தலைப்பு. அதன் கீழே ஒன்றுமே இல்லை. உள்ளே போனால், பேர் சொல்லிக் கூப்பிட்ட எல்லா இடத்திலும் கேள்விக்குறி. "படம் ?? காண்க." "பக்கம் ?? பார்க்க." "மேலே சமன்பாடு ??-இல் சொன்னபடி." புத்தகம் நெடுகக் கேள்விக்குறிகள், இரண்டு இரண்டாக.

"ஐயையோ!" என்று எழுந்தே விட்டார் தியாகேசன். "என் புத்தகம் என்னைப் பார்த்துக் கேள்வி கேக்குதே!"

மரகதத்தின் முகம் செத்துவிட்டது. எத்தனை பாடு! பார்க்காதே என்றாள், பார்க்கவில்லை. எண்ணாதே என்றாள், எண்ணவில்லை. அவள் சொன்னதை எல்லாம் கேட்டதற்கு இதுவா? கண் நிறைந்துவிட்டது. நிறைந்த கண்ணோடு விசைப்பலகையை இழுத்தாள். முதல் கேள்விக்குறி இருந்த இடத்தில் கையாலேயே எண்ணைப் போடப் போனாள்.

குருவின் கை அவள் கைமேல் வந்து உட்கார்ந்தது.

"இன்னொரு தடவை ஓட்டு."

"எதை மாத்தி?"

"எதையும் மாத்தாம."

"அதையே திரும்ப ஓட்டினா வேற என்னடி வரும்?"

குரு கையை எடுத்துக்கொண்டாள். கடலையை உரித்தாள்.

மரகதம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஓட்டினாள்.

பொருளடக்கம் நிரம்பியது. முழுநிலாவுக்கு எண் வந்தது. அரைநிழலுக்கு வந்தது. கூப்பிட்ட இடத்தில் எல்லாம் பேருக்குரியவர்கள் வந்து நின்றார்கள். கேள்விக்குறி ஒன்றுகூட இல்லை. படங்கள் தங்களுக்கு வசதியான இடத்தில் உட்கார்ந்திருந்தன. வரிகளுக்கு நடுவே மூச்சுவிட இடம் இருந்தது. மரகதம் இழுத்து இழுத்துக் கட்டிய பழைய புத்தகம் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. அதைக் கட்டியவளுக்கே அது தெரிந்தது.

"எப்படி?" என்றாள்.

"முதல் தடவை, யார் யார் எங்க இருக்காங்கன்னு குறிச்சு வெச்சுக்குது. ரெண்டாவது தடவைதான் கூப்பிடுது."

தியாகேசன் பக்கங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அம்மா, இது நான் எழுதின புத்தகம்தானா?" என்றார்.

"நீங்க எழுதினது. இவ கட்டினது" என்றாள் குரு. சொல்லும்போது கழுத்து நிமிர்ந்திருந்தது. "எங்க வகுப்புல இவதான் சார் முதல் ரேங்க்."

பிறகு மரகதத்தைப் பார்த்தாள்.

"போடு."

"என்ன போட?"

"தெரியாத மாதிரி கேக்கறா பாரு. பேரைப் போடுடி."

மரகதம் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். அடித்தாள். பக்கம் கட்டியவர்: ச. மரகதவல்லி. நடுவில், தனியாக.

அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பெருமை தாங்கவில்லை அவளுக்கு. தெருவில் போகிறவரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல் இருந்தது.

"வர்றவங்களை எல்லாம் கேக்கறியே நாயகி, உனக்குப் பிடிச்ச கட்டளை எது?"

குரு சிரித்தாள்.

"பத்தாவதுல கணக்கை முதல் தடவையே பாஸ் பண்ணினவளுக்குச் சொன்னாப் புரியாதுடி."

மரகதம் என்னவோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் தியாகேசன் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, கோவிச்சுக்கக் கூடாது. ஒரு சின்ன கரெக்‌ஷன்."

"சொல்லுங்க."

"முன்னாடி ஒரு அத்தியாயம் சேர்க்கணும். படத்தோட."

குரு எழுந்து கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மரகதம் சண்டை போடவில்லை. "கொண்டாங்க சார்" என்று வாங்கினாள். அத்தியாயத்தைச் சேர்த்தாள். புதுப் படங்களுக்குப் பேர் வைத்தாள். கூப்பிட வேண்டிய இடத்தில் கூப்பிட்டாள். ஓட்டினாள்.

புது அத்தியாயம் முழுக்க மறுபடி கேள்விக்குறிகள். பழையவை எல்லாம் தப்பான எண்ணோடு தப்பான இடத்தைக் காட்டின.

தியாகேசன் தலையில் கை வைத்துக்கொண்டார். "போச்சு! எல்லாம் போச்சு! நான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்."

மரகதம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குரு விட்டுப்போன கடலை ஒன்று மேசைமேல் கிடந்தது. அதை எடுத்து நிதானமாக உரித்தாள்.

"ஏன் சார் பதறறீங்க?" என்றாள். "இது முதல் தடவைதானே."