நீர் மோசம்!

கொன்றைமங்கலத்தில் ஓர் ஆடி மாதம் எல்லோர் நாக்கும் நீலமாகிப் போயிற்று. வெள்ளை வேட்டியைத் துவைத்தால் நீல வேட்டி. சோறு வடித்தால் நீலச் சோறு. மாமியாருக்குத் தெரியாமல் பழிப்புக் காட்டிக்கொண்டிருந்த மருமகள்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டார்கள். நீல நாக்கு நாலு வீடு தள்ளித் தெரிகிறதே!

காரணம் ஊருக்கே தெரியும். மந்திரி மாசிலாமணியின் மைத்துனர், குடிதண்ணீர் ஊருணிக்கு மேற்கே சாயப்பட்டறை வைத்திருந்தார். நீல அவுரிச் சாயக் கழிவு ஒரு சொட்டு வீணாகாமல் ஊருணியில் வந்து இறங்கியது. பெயரில் மட்டும் மாசில்லாத மணி!

ராஜா மகரபூபதிக்கு எதுவும் தெரியாது. அவருக்கு மலைச்சுனைத் தண்ணீர் வெள்ளிக் குடத்தில் வரும். போதாக்குறைக்கு மந்திரி ஒரு சட்டமும் போட வைத்திருந்தார். ஊருணி நீரைக் குறை சொல்பவர் யாராக இருந்தாலும் ஐம்பது சவுக்கடி.

நாக்கு நீலமானதோடு போயிருந்தால் அரண்மனை விகடர் பூவராகன் சிரித்துவிட்டுப் போயிருப்பார். ஆனால் அவருடைய மகள் செவ்வந்தி வயிற்றுப்போக்கில் கிழிந்த நாராய்க் கிடந்தாள். "இந்தத் தண்ணியை நிறுத்துங்க, பிள்ளை எழுந்துடும்" என்றார் வைத்தியர். நிறுத்திவிட்டு எதைக் கொடுப்பது? ஊருக்கு இருப்பது அந்த ஒரே ஊருணி. பூவராகனுக்கு வயிறு பற்றி எரிந்தது.

அவர் அங்கங்கே முணுமுணுப்பது மந்திரியின் காதுக்குப் போயிற்று. மந்திரி சிரித்துக்கொண்டார். ஆடிப்பெருக்கு அன்று ஊருணிக் கரையில் ராஜா முன்னால் ஊரே கூடி நின்றபோது எழுந்தார்.

"மகாராஜா! இந்த வருஷம் நீர் வாழ்த்தை நம் பூவராகர் பாடட்டும்."

வாழ்த்தினால் ஊர் காறித் துப்பும். வைதால் முதுகு பிய்யும். மந்திரி மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார்.

பூவராகன் படியேறினார். செவ்வந்தியின் ஒட்டிய கன்னத்தை நினைத்துக்கொண்டார். கூட்டத்தைப் பார்க்கவில்லை, ஊருணியையும் பார்க்கவில்லை. நேரே மந்திரியைப் பார்த்து ஒரு பெரிய கும்பிடு போட்டார்.

"நீர் மோசம்!"

கூட்டம் படிப்பக்கம் நெருங்கியது.

"நீர் வெளியே பார்க்கத்தான் பளபளப்பு. உள்ளே அத்தனையும் அழுக்கு! நீர் வந்த இடமெல்லாம் நாற்றம்! நீர் நுழைந்த வீட்டிலெல்லாம் வயிற்றெரிச்சல்!"

மந்திரி துள்ளி எழுந்தார். "கேட்டீர்களா மகாராஜா! ஊருணி நீரைப் பழிக்கிறான்! எடுங்கள் சவுக்கை!"

"ஐயையோ!" பூவராகன் காதைப் பொத்திக்கொண்டார். "ஊருணியையா? அந்தச் சொல்லே என் வாயில் வரவில்லையே! உம்மைப் பார்த்தல்லவா 'நீர், நீர்' என்று மரியாதையாகச் சொன்னேன்! மகாராஜா, மந்திரியைக் குறை சொல்லக்கூடாது என்று சட்டம் இருக்கிறதா?"

ராஜா தாடியைச் சொறிந்தார். "அப்படி ஒன்றும் போட்ட ஞாபகம் இல்லையே."

கூட்டத்தில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். அது அப்படியே பரவியது. மந்திரிக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"பொய்! நானா நாறுகிறேன்? தினம் சந்தனம் பூசுகிற உடம்பய்யா இது! நாறுவது ஊருணி! அழுக்கு ஊருணித் தண்ணீர்! அதைக் குடித்துத்தான் ஊர் வயிறு எரிகிறது! சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்!"

சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதில் அவர் குரலே விழுந்தது.

"ஐம்பது சவுக்கடி என்று சொன்னது நீங்கள்தானே, மந்திரி?" என்றார் ராஜா மெதுவாக.

"பாவம் மகாராஜா, விட்டுவிடுங்கள்!" பூவராகன் உருகினார். "கத்திக் கத்தித் தொண்டை வறண்டு வாய் குழறியிருக்கும். அடி எல்லாம் வேண்டாம். நல்ல ஊருணி நீர் ஒரு சொம்பு குடிக்கட்டும். குடித்துவிட்டு, அமிர்தம் என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். எல்லாவற்றையும் மறந்துவிடலாம்."

ஒருவன் ஓடிப்போய்ச் சொம்பில் மொண்டு வந்தான். மந்திரி எட்டிப் பார்த்தார். சொம்புக்குள்ளிருந்து ஒரு நீல மந்திரி அவரை எட்டிப் பார்த்தார். வாசனை மூக்கில் ஏறியது. சொம்பு அப்படியே உதட்டருகே நின்றது.

தடால் என்று ராஜாவின் காலில் விழுந்தார்.

"மகாராஜா! சவுக்கையே எடுக்கச் சொல்லுங்கள்!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கிரீடம் நழுவி மடியில் விழுந்தது. திடீரென்று சிரிப்பு நின்றது.

"அவ்வளவு மோசமா?"

யாரும் பேசவில்லை. சட்டம் இன்னும் சட்டம்தானே! பூவராகன் பணிவாகக் குனிந்து, ராஜாவைப் பார்த்து நாக்கை நீட்டினார். பக்கத்தில் நின்ற பூக்காரி நீட்டினாள். குடம் வனைகிறவர் நீட்டினார். கோயில் குருக்கள் ஒரு தடவை தயங்கிவிட்டு அவரும் நீட்டினார். கரை முழுக்க, நீல நீலமாய், ஊரே ராஜாவுக்கு நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது.

ராஜாவுக்கு முகம் கறுத்துப்போயிற்று. "எனக்கு ஒருவர்கூடச் சொல்லவில்லையே" என்றார். உடனே தானே பதிலும் சொல்லிக்கொண்டார்: "எப்படிச் சொல்வார்கள்? வாய்க்குத்தான் பூட்டுப் போட்டாயிற்றே!"

சட்டம் அங்கேயே கிழிந்தது. சாயப்பட்டறைக்குப் பூட்டு. ஊருணியை இறைத்துத் தூர்வார வேண்டியது மந்திரியும் மைத்துனரும், அவர்கள் கையாலேயே. அதுவரை மலைச்சுனைத் தண்ணீர் வண்டி வண்டியாக ஊருக்கு.

"உமக்கு என்ன வேண்டும், பூவராகரே?"

"முதல் குடத்தை என் வீட்டுக்கு அனுப்புங்கள் மகாராஜா. பிள்ளை காத்திருக்கிறாள்."

ராஜா தன் வெள்ளிக் குடத்தையே தூக்கி அவர் கையில் கொடுத்தார். தோளில் தட்டி, ஊர் கேட்கச் சத்தமாகச் சொன்னார்:

"ஒன்று மட்டும் தெரிந்துபோயிற்று. நீர் இல்லாமல் இந்த ஊர் பிழைக்காதய்யா!"

பூவராகன் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்தார். ஓடிக்கொண்டே திரும்பிச் சொன்னார்:

"அதைத்தானே மகாராஜா, இவ்வளவு நேரம் நானும் கத்தினேன்!"